வாலுவின் கால் அளவு

ஜனவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நானும் என் இரண்டு முட்டிகளும் ஏதோ இருக்கிறோம். மூவரில் நான் கொஞ்சம் தேவலை. அங்கே நீ, மாப்பிள்ளை, வாலு மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? வாலுவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். மொத்தமே நாலு வார்த்தை. "கிட்னி. பெரிய ஆஸ்பத்திரி. பார்க்கறாங்க." பஸ் ஓட்டுகிற மனுஷன் ஹாரன் அடிக்கிற மாதிரிதான் பேசுவார், தெரிந்ததுதான். நீயாவது எடுப்பாய் என்று பார்த்தால் உன் போன் அடித்து அடித்து ஓய்ந்து போகிறது. சரி என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

வாலுவுக்கு ஒரு கதை. படித்துக் காட்டு. போன வாரம் ஹோட்டலில் தங்கியிருந்த ஒரு அம்மாவின் கம்பளி ஸ்வெட்டர் எங்கள் சலவைப் பிரிவுக்கு வந்தது. தலைமுடி நரைக்கிற அளவுக்கு இந்தப் பிரிவில் குப்பை கொட்டி, கடைசியில் அதற்கே தலைவனான உன் மாமா, அதைத் துண்டுகளோடு சேர்த்துக் கொதிக்கிற மெஷினில் போட்டுவிட்டான். வெளியே வந்ததை அந்த அம்மா இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது யாருக்கு, என் நாய்க்கா?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். "நாய் என்ன சைஸ் மேடம்?" என்று கேட்டுத் தொலைத்தேன். எங்கள் மேனேஜர் முகத்தில் ஒரு சிரிப்புச் சுருக்கம் விழாது. அதனால் அவருக்கு இஸ்திரி என்று பெயர். எனக்குப் புத்தி வரட்டும் என்று அந்த ஸ்வெட்டரை என் மேஜைக்கு மேலேயே மாட்டி வைத்துவிட்டார்.

தினமும் பார்த்ததில் புத்தி வரவில்லை, யோசனை வந்தது. சுருங்கின கம்பளியில் இழை தெரியவில்லை, ஓட்டை இல்லை. கனமாக, மெத்தென்று, சூடாக இருக்கிறது. ஃபெல்ட் என்கிறார்களே, அதுதான். கம்பளி முடியைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்தே, ஒரு தையல்கூட இல்லாமல் குழந்தைக்கு ஷூ செய்யலாமாம். கம்பளி சுருங்காமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். ஒரு தடவையாவது வேண்டுமென்றே சுருக்கிப் பார்க்கிறேனே.

வாலுவின் இரண்டு பாதத்தையும் காகிதத்தில் வைத்து ஓரமாகக் கோடு போட்டு அனுப்பு. கூசும், காலை இழுப்பாள், விடாதே.

வாலுவின் கன்னத்தை எனக்காக ஒரு தரம் கிள்ளிவிடு.

உன் அண்ணன்


ஜனவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு நாங்கள் இருக்கிறோம். உன் முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா? உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நாய் சைஸ் வந்த இடத்தில் வாலு சிரித்து, சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்து, நர்ஸ் என்னை முறைத்தாள்.

வார்டுக்குள் போன் பேச முடியாது, அதனால்தான் எடுக்கவில்லை. தப்பாக நினைக்காதே. மருந்து மாற்றியிருக்கிறார்கள். கேட்கும் என்கிறார்கள். உப்பில்லாத சாப்பாடுதான் அவளுக்குப் பெரிய கோபம்.

கால் படம் வைத்திருக்கிறேன். இங்கே தரை ஐஸ் மாதிரி இருக்கிறது. வராந்தா கடைசியில் ஒரு ஜன்னல் உண்டு, அதிலிருந்து பார்த்தால் அவள் அப்பா பஸ் நிறுத்துகிற இடம் தெரியும். அங்கே நடந்து போக வேண்டும் என்பதே அவள் பேச்சாக இருக்கிறது. ஷூ சிவப்பாக இருக்க வேண்டுமாம். ஒரு ஷூவுக்குக் கண் திறந்திருக்க வேண்டும், இன்னொன்று தூங்க வேண்டும். ஏன் என்று கேட்டேன். "ரெண்டும் தூங்கிட்டா ஊசி போட வர்றாங்கன்னு எனக்கு யாரு சொல்லுவா?" என்கிறாள்.

நீ லீவு கேட்டுக்கொண்டு கிளம்பி வர வேண்டாம். அவ்வளவு ஒன்றும் இல்லை.

தங்கை


பிப்ரவரி 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலமாக இருக்கிறேன், மானம்தான் போய்விட்டது. விவரம் கேள்.

சிவப்புச் சாயம் ஏற்றின கம்பளி முடி வாங்கினேன். "சாயம் போகாதுல்ல?" என்றேன். "உயிர் போனாலும் இது போகாது சார்" என்றான் கடைக்காரன். வாலுவின் கால் படத்தை வைத்துக் கனத்த பிளாஸ்டிக்கில் பாதம் வெட்டினேன். அதன்மேல் முடியை மெல்லிசாகப் பிய்த்து, ஒரு அடுக்கு நீளவாக்கில், ஒரு அடுக்கு குறுக்கே, திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் அப்படியே. மேலே கொசுவலைத் துணி, அதன்மேல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர். பிறகு தடவ வேண்டும். முதலில் குழந்தை முதுகைத் தடவுகிற மாதிரி. முடிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட பிறகு வாடகை தராதவன் சட்டையைப் பிடிக்கிற மாதிரி. உருட்டி, கசக்கி, மேஜையில் அடித்து, கணுக்கால் பக்கம் வாய் வெட்டி, பிளாஸ்டிக்கை உருவினேன். அருமையான ஷூ. எங்கள் பிரிவில் மடிப்பு மேஜையில் நிற்கிற அக்கா, பெயர் ரேடியோ, ஊர்ச் செய்தி முழுக்க அவள் வாயில்தான். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இது குழந்தைக்கா, குழந்தையோட பொம்மைக்கா?"

கம்பளி சுருங்கும் என்பது எனக்கு மறந்துவிட்டது, தங்கச்சி. எனக்கு. கால் அளவுக்கே அச்சு வெட்டியிருக்கிறேன். ஒன்றரைப் பங்கு பெரிதாக வெட்ட வேண்டுமாம். சாயங்காலத்துக்குள் சமையல்காரரிலிருந்து கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்துவிட்டது. வாட்ச்மேன் சல்யூட் அடித்துவிட்டு, "கால் எப்படி இருக்கு சார்?" என்கிறான்.

பொம்மைக்கு ஒரு ஷூ தயார் என்று வாலுவிடம் சொல். அடுத்தது அவளுக்கு. மருந்து கேட்கிறதா? எழுது.

அண்ணன்


மார்ச் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எல்லோரும் இருக்கிறோம். உனக்கு அங்கே குளிர் குறைந்ததா?

வாட்ச்மேன் மாதிரி வாலுவும் எனக்குச் சல்யூட் அடிக்கிறாள்.

ஷூ செய்ய ஆரம்பித்துவிட்டாயா? இல்லையென்றால் பழைய படத்தை விட்டுவிடு. புதிதாகக் கோடு போட்டு வைத்திருக்கிறேன், இந்த அளவுக்குச் செய். கணுக்கால் பக்கம் நன்றாகத் தளர்வாக இருக்கட்டும். இறுக்கிப் பிடிக்கக் கூடாது.

வேறு விசேஷம் இல்லை.

தங்கை


மார்ச் 10

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே நலம். நலத்துக்கு மேல் சந்தோஷம். இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் ஒரு விரல் அகலம் கூடியிருக்கிறது. உப்பில்லாத சாப்பாட்டிலேயே இப்படி வளர்கிறாள் என்றால், உப்புப் போட்டுக் கொடுத்தால் கதவு இடித்துக் கட்ட வேண்டும். ஒவ்வொரு விரலும் புதுசாகச் சுட்ட பன் மாதிரி, நடுவில் இடைவெளியே இல்லை. சந்தேகமே வேண்டாம், மாமன் கால். மாப்பிள்ளை காலைப் பார்த்திருக்கிறேன். பிரேக்கை மிதித்து மிதித்து உள்ளங்கால் தகடு மாதிரி இருக்கும். நம் வகைக் கால்தான் உருண்டை.

இதைப் படித்துக் காட்டு: வாலு, நீ வளர்ந்துவிட்டாய். மாமாவின் அளவுநாடா பொய் சொல்லாது.

இந்தத் தடவை அச்சைப் பெரிதாக வெட்டினேன். ரேடியோ ஒரு ஷூ, நான் ஒரு ஷூ. "உன் கை சொரசொரப்பு, என்கிட்ட குடு" என்று இரண்டையும் அவளே பிடுங்கிக்கொள்ளப் பார்த்தாள். இஸ்திரி உள்ளே வந்துவிட்டார். மேஜை முழுக்கச் சிவப்பு நுரை.

"என்ன இது?"

"பரிசோதனை சார். கம்பளி ஏன் சுருங்குதுன்னு கண்டுபிடிக்கிறோம்."

"கண்டுபிடிச்சாச்சா?"

"இன்னும் ரெண்டு நாள் ஆகும் சார்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் போகும்போது விரலால் ஒரு ஷூவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கறுப்பு முடியால் கண் வைத்திருக்கிறேன். ஒன்று முழிக்கிறது, ஒன்று தூங்குகிறது. பார்சலில் போட்டுவிட்டேன். கணுக்காலில் என் கையே போகிற அளவுக்குத் தளர்வு.

அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பார்சல் வந்தது. கச்சிதமாக இருக்கிறது. எங்கும் அழுத்தவில்லை. வெளியிலிருந்து கம்பளிச் சாமான் உள்ளே வரக் கூடாது என்று நர்ஸ் முதலில் மறுத்தாள். வாலு அவளிடம் ஒரு ஷூவைக் காட்டி, "இது தூங்குது, சத்தம் போடாதீங்க" என்றாள். அவளும் விட்டுவிட்டாள்.

ஜன்னல் வரைக்கும் போனாள். அவள் அப்பா பஸ்ஸை நிறுத்தியிருந்தது தெரிந்தது.

உன் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

தங்கை


ஏப்ரல் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

என் நலத்துக்கு ஒன்றும் குறைவில்லை. ஜன்னல் வரைக்கும் நடந்தாள் என்று படித்ததும் கடிதத்தை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கே போனேன். சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வாட்ச்மேன் தன் பேத்திக்கு ஒரு ஜோடி வேண்டும் என்கிறான். அளவு எடுக்க வரச் சொன்னதற்கு, "உங்க அளவு எங்களுக்குத் தெரியாதா சார், அடுத்த பேத்திக்கு ஆகும்" என்கிறான்.

ஒரு குறை. உன் கடிதம் வர வர என் ஸ்வெட்டர் மாதிரி ஆகிறது. சின்ன வயதில் பக்கத்து வீட்டுச் சண்டையைச் சாப்பாட்டைக்கூட மறந்து சொல்லிக்கொண்டிருப்பாயே. மருந்து, டாக்டர், வீட்டுக்கு எப்போது, ஒன்றுமே இல்லை. உறையில் முகவரி மாப்பிள்ளை எழுத்தில் இருக்கிறது. உன் கைக்கு என்ன?

சீசன் முடியட்டும், லீவு போட்டு வருகிறேன். நீ வேண்டாம் என்றாலும் வருவேன்.

அண்ணன்


மே 9

தங்கச்சி,

நான் நலம். உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே வேறு வழியாகப் போகிறார். நாலு வார்த்தை போதும், மாப்பிள்ளையையாவது ஹாரன் அடிக்கச் சொல்.

அண்ணன்


மே 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. மன்னித்துக்கொள். இருக்கிறோம்.

ஷூ கழன்று கழன்று விழுகிறது. பார்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதைச் சுருக்க முடியுமா? உள்ளே படம் வைத்திருக்கிறேன். புதிதாக வேறு செய்ய வேண்டாம், அதே ஜோடிதான் வேண்டும் என்கிறாள்.

முடிந்தால் சீக்கிரம்.

தங்கை


மே 29

தங்கச்சி,

பார்சல் வந்தது. இந்தத் தடவை என் நலத்தை விட்டுவிடுவோம்.

மூன்று படத்தையும் இஸ்திரி மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். மேனேஜர் இல்லை, நிஜ இஸ்திரி மேஜை. மூன்றாவதில் கோடு சரியாகப் போடவில்லை என்று முதலில் நினைத்தேன். அப்படித்தான் நினைக்கத் தோன்றும். பிறகு முதல் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். அதற்கும் உள்ளே நிற்கிறது.

நான் பெரிய படிப்பு ஒன்றும் படிக்கவில்லை. ஆனால் எது சுருங்கும், எது சுருங்காது என்பதுதான் என் பிழைப்பு. கம்பளி சுருங்கும். பருத்தி முதல் தண்ணீரில் கொஞ்சம் சுருங்கும். குழந்தையின் கால் சுருங்காது.

அப்படியென்றால் இரண்டாவது படம் வளர்ச்சி இல்லை. அது வீக்கம். நான் அதை மாமன் கால் என்று எழுதினேன். பன் என்று எழுதினேன். நீயும் அதைப் படித்துக் காட்டினாய். ரேடியோவிடம் படங்களைக் காட்டினேன். எப்போதும் ஊரைக் கூட்டுகிறவள் நேராகப் போய்த் துண்டு மடித்தாள்.

ஷூவைச் சுருக்குவது பெரிய வேலை இல்லை. இன்னும் சூடான தண்ணீர், இன்னும் கொஞ்சம் தேய்ப்பு. ஆனால் ஃபெல்ட் கீழே போகும், மேலே வராது. ஒரு தடவை சுருக்கினால் பிறகு யார் வந்தாலும் பெரிதாக்க முடியாது. நாளைக்கு அவள் தேறி, காலில் கொஞ்சம் சதை பிடித்தால், இந்த ஷூவுக்குள் கட்டைவிரல்கூடப் போகாது. அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அணைத்தேன். மறுபடி வைத்தேன்.

டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. நீ எழுத வேண்டாம். சுருக்கவா, வேண்டாமா, அதை மட்டும் எழுது.

அண்ணன்


ஜூன் 6

அண்ணா,

சுருக்கு.

நீ கேட்ட அளவுக்கு எழுதிவிட்டேன். மீதியையும் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் எனக்கு வெடித்துவிடும்.

வீங்கித்தான் இருந்தாள். கால், முகம், கண் எல்லாம். பிறகு மெஷினில் வைத்து நீரை எடுத்தார்கள். எடுத்த பிறகுதான் உள்ளே என் குழந்தை எவ்வளவு மிச்சம் இருக்கிறாள் என்று தெரிந்தது. இப்போது மெஷினையும் உடம்பு தாங்கவில்லை. போன வாரம் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா போங்க" என்றார். இத்தனை மாதமாக எந்த வார்த்தைக்குக் காத்திருந்தேனோ அதே வார்த்தை. திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஜன்னலுக்கு அவள் நடக்கவில்லை, அண்ணா. அவள் அப்பா தூக்கிக்கொண்டு போனார். அவர் அங்கே நின்றால் கீழே பஸ்ஸை யார் நிறுத்தியது என்று நீ கேட்பாய். காலையிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தார். போனேன் என்று எழுதினால் நடந்தேன் என்று நீ படிப்பாய் என்று எனக்குத் தெரியும். முகவரியையும் அவரே எழுதினார். உன் பெயரை எழுத ஆரம்பித்தாலே எனக்குக் கை நிற்காது. போனும் அதனால்தான். நீ "என்ன தங்கச்சி" என்று ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது.

பன் என்று எழுதியதற்கு நீ வருத்தப்படாதே. அந்தக் கடிதம் வந்த அன்று அவள் வருகிற போகிற நர்ஸிடம் எல்லாம் காலை நீட்டி, "நான் வளர்ந்துட்டேன், மாமா அளந்து பார்த்துட்டாரு" என்றாள். ஒருத்தி, "ஆமா, வளர்ந்துதான் இருக்கே" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். அந்த வார்டில் எல்லோரும் எடை பார்த்தார்கள், நீர் பார்த்தார்கள். என் பெண் வளர்கிறாள் என்று நினைத்தது நீ ஒருத்தன்தான். அதை நான் எப்படித் திருத்துவேன்? எனக்கும் படிக்க வேண்டியிருந்தது. அவள் தூங்கின பிறகு எடுத்துப் படிப்பேன்.

வா, அண்ணா. இனிமேல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பயம். பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் இருந்தான். ஒரு நாள் அவன் சொந்தக்காரர்கள் எல்லோரும் வெளியூரிலிருந்து வந்து நின்றார்கள். மறுநாள் கட்டில் காலி. வாலு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நேற்று என்னிடம், "மாமா வரமாட்டாருல்ல?" என்றாள். வர வேண்டும் என்று கேட்கிற குரல் இல்லை அது. நீ வந்து நின்றால் அவளுக்குப் புரிந்துவிடும்.

நீ எதற்கு வருகிறாய் என்று அவளிடம் நான் என்ன சொல்ல? உனக்குத்தான் இதெல்லாம் வரும்.

தங்கை


ஜூன் 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுருக்கிவிட்டேன்.

கையால் செய்யத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. தேய்க்கத் தேய்க்கக் கைக்குள்ளேயே சின்னதாகிறது, அது தெரிகிறது. அப்படியே எடுத்து ஓடிக்கொண்டிருந்த பெரிய மெஷினில் போட்டு மூடிவிட்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். அது பாட்டுக்குச் செய்யட்டும், நான் பார்க்க வேண்டாம் என்று. முக்கால்வாசி அது சுருக்கியது. மீதியை ஒரு காலுறையில் மணல் அடைத்து, மூன்றாவது படத்தின் அளவுக்குப் பாதம் செய்து, அதன்மேல் மாட்டி முடித்தேன். குழந்தைக்கு எது வாங்கினாலும் ஒரு விரல் இடம் விட்டு வாங்குவோம் இல்லையா, வளரட்டும் என்று. விடவில்லை. கழன்று விழாது.

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். நான் ரயில் மாறி, பஸ் மாறி வந்து சேர்வதற்குள் உன் கைக்குக் கிடைத்துவிடும். கிடைத்ததும் வாலுவிடம் இப்படிச் சொல். நீட்டி முழக்கிச் சொல், உனக்கு வரும்.

மாமாவின் ஹோட்டலில் அன்றைக்கு மாடி முழுக்க ஒரே கல்யாணக் கூட்டம். எல்லா அறைக்கும் வெள்ளைப் படுக்கை விரிப்பு மெஷினில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த மெஷினில் முட்டாள் மாமா சிவப்பு ஷூவைப் போட்டுவிட்டான். உயிர் போனாலும் போகாத சாயம் போய்விட்டது. கதவைத் திறந்தால் விரிப்பு, தலையணை உறை, மேஜைத் துணி எல்லாம் ரோஸ். ரேடியோ தலையில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் இது பொருத்தம்தான், மத்தவங்களுக்கு என்ன பண்றது?" என்றாள். வாட்ச்மேனின் முகம் துடைக்கிற துண்டுகூட ரோஸ். மேனேஜர் வந்தார். ஒரு விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் சுருக்கம் விழுந்தது, சிரிப்புச் சுருக்கம் இல்லை. "வீட்டுக்குப் போங்க" என்றார். "எப்ப சார் திரும்பி வரணும்?" என்றேன். "வரவே வேண்டாம்" என்றார்.

அதனால்தான் மாமா வருகிறார் என்று சொல். வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள், போக்கிடம் இல்லை, கொஞ்ச நாள் நம் வீட்டில்தான் தண்டச்சோறு என்று சொல். அவள் என்னைக் கேலி செய்யட்டும். வாசலில் நிற்கிற என்னைப் பார்த்துப் பயப்படக் கூடாது, பாவம் என்று நினைக்க வேண்டும்.

குழந்தையிடம் பொய் சொல்கிறோமே என்று நீ சங்கடப்பட வேண்டாம். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

உன் அண்ணன்